ஸ்டோரிபுக்கில் சரி, செயலியில் பிழை: பொதுக் கூறு நூலகத்தின் பழுதுகளை அறிகுறி வழியே தேடுதல்

யாழ்ப்பாணத்தில் "பொது நூலகத்தில் ஒரு பழுது" என்று தொலைபேசியில் சொன்னால், கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைக் குவிமாடம் கொண்ட அந்தக் கட்டடமே. நான் எழுத வந்தது வேறொரு நூலகத்தைப் பற்றி. பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, தெரிவுப் பட்டியல், நாள்காட்டி, மேலெழும் பெட்டி ஆகிய இடைமுகக் கூறுகளை ஒருமுறை எழுதி, ஒரே பொதியாகக் கட்டி, பல இணையச் செயலிகள் பகிர்ந்துகொள்ளும்படி வைத்திருக்கும் நிரல் நூலகம் அது. குழப்பம் தீர்வதற்காக எங்கள் அலுவலகத்தில் அதைக் "கூறகம்" என்று அழைக்கத் தொடங்கினோம். இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாடியறையில் இருந்து வேலை செய்யும் சிறு குழு எங்களுடையது. திருமண மண்டப முன்பதிவு, கல்வி நிலைய வருகைப் பதிவு, கூட்டுறவுக் கடைக் கணக்கு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செயலிகள் எங்கள் கூறகத்தைப் பயன்படுத்துகின்றன. இடைமுகம் கட்டும் ரியாக்ட், ஜாவாஸ்கிரிப்டுக்கு வகைகள் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட், பொதிகளை நிறுவும் என்பிஎம் ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்டது என்பதால் கீழே வரும் சொற்களும் அவற்றுக்குரியவை. வேறு கருவிகளைக் கையாள்வோருக்கும் நோய் ஒன்றுதான், மருந்தின் பெயர் மட்டும் மாறும்.

எந்த அறிகுறியானாலும் நிரலைத் திறப்பதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். முதலாவதாக, செயலி கொடுக்கும் அதே தரவை, அதே பண்புகளோடு, கூறுகளைத் தனித்தனியே காட்டிச் சோதிக்கும் ஸ்டோரிபுக் கருவியில் அந்தக் கூறுக்குக் கொடுத்துப் பாருங்கள். அங்கும் பிழை தோன்றினால் குற்றம் கூறின் உள்ளே இருக்கிறது. தோன்றாவிட்டால் கூறகமும் செயலியும் பொருந்தும் மூட்டில் இருக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலான பழுதுகள் இந்த மூட்டில்தான் அகப்படுகின்றன, ஏனெனில் எது யாருடைய பொறுப்பு என்று எவரும் எழுதி வைக்காத இடம் அது. இரண்டாவதாக, செயலியில் உண்மையில் நிறுவப்பட்டிருக்கும் பதிப்பு எது என்று பாருங்கள். பொதியின் விவரங்களையும் அது சார்ந்த பிற பொதிகளையும் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் இருப்பது ஏற்கத்தக்க பதிப்புகளின் எல்லை மட்டுமே. நிறுவப்பட்ட பதிப்பை, தெரிந்தெடுத்த பதிப்புகளைப் பதிந்து வைக்கும் பூட்டுக் கோப்பும் "என்பிஎம் எல்எஸ்" கட்டளையுமே சொல்லும். மூன்றாவதாக, "என்பிஎம் சிஐ" கொடுங்கள். அது பொதிகள் நிறுவப்பட்டிருக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு, பூட்டுக் கோப்பில் உள்ளபடியே மீண்டும் நிறுவும். இந்த மூன்றோடு மறைந்துபோகும் பிழைகள் வெட்கப்படத்தக்க அளவு அதிகம்.

அறிகுறி: திரை வெறுமையாகிறது, "ஹூக் அழைப்பு செல்லாது" என்று பிழை வருகிறது

ஸ்டோரிபுக்கில் குறையின்றி இயங்கிய கூறு, செயலிக்குள் வைத்த உடனே திரையையே வெறுமையாக்கும். உலாவியின் கன்சோலில் (பிழைச் செய்திகள் தோன்றும் பகுதியில்) ஹூக் (கூறுக்கு நினைவு போன்ற வசதி தரும் ரியாக்ட் செயற்கூறு) அழைப்பு செல்லாது என்ற செய்தியும், அதன் பின்னால் வெற்று மதிப்பிலிருந்து யூஸ்ஸ்டேட்டைப் படிக்க முடியவில்லை என்ற இன்னொரு பிழையும் நிற்கும். ரியாக்ட் தரும் செய்தியே மூன்று காரணங்களைச் சொல்கிறது: ரியாக்டும், அதைத் திரையில் வரையும் ரியாக்ட் டாமும் பொருந்தாத பதிப்புகளில் இருப்பது, ஹூக் விதிகளை மீறி எழுதியிருப்பது, ஒரே செயலிக்குள் ரியாக்டின் இரண்டு பிரதிகள் இருப்பது. கூறகம் சம்பந்தப்பட்ட இடத்தில் மூன்றாவதை முதலில் சந்தேகியுங்கள்.

2019 பெப்ரவரியில் வெளியான 16.8 பதிப்பில்தான் ஹூக்குகள் ரியாக்டுக்குள் வந்தன. யூஸ்ஸ்டேட் என்ற செயற்கூறு தானாக எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரு கூறு வரையப்படும் நேரத்தில் ரியாக்ட் டாம், தனக்குத் தெரிந்த ரியாக்ட் பிரதிக்குள் ஒரு கையாளியை வைக்கிறது. ஹூக் அழைப்புகள் அந்தக் கையாளியிடம் போகின்றன. கூறகம் தன்னோடு இன்னொரு ரியாக்டைச் சுமந்து வந்திருந்தால், கையாளி செயலியின் பிரதிக்குள் இருக்க, கூறகத்தின் யூஸ்ஸ்டேட் தன் பிரதிக்குள் தேடி வெறுமையைக் காணும். கடிதம் கொக்குவில் கிழக்கில் கொடுக்கப்பட்டுவிட, ஆள் கொக்குவில் மேற்கில் வாசலில் காத்து நிற்கிற கதை.

செயலியின் கோப்புறையில் "என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்" என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே பிரதிதான் என்றால் மற்ற வரிகளின் ஓரத்தில் "டீடியூப்ட்" என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பில்லாமல் இரண்டு இடங்களில் ரியாக்ட் தெரிந்தால் நோய் உறுதி. கூறகத்தின் பேக்கேஜ் ஜேசனில் ரியாக்டையும் ரியாக்ட் டாமையும் டிபெண்டன்சிஸ் பகுதியிலிருந்து எடுத்து, செயலியே கொண்டுவர வேண்டியவற்றைக் குறிக்கும் பியர் டிபெண்டன்சிஸ் பகுதிக்கு மாற்றுங்கள். சொந்தச் சோதனைகளுக்குத் தேவை என்பதால் டெவ் டிபெண்டன்சிஸ் பகுதியிலும் வைத்துக்கொள்ளலாம். அதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கூறகத்தின் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் பண்ட்லர் கருவியின் அமைப்பிலும் இவை வெளியிலிருந்து வருவன என்று குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் ரியாக்டின் நிரல் கூறகத்தின் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும், அதை "என்பிஎம் எல்எஸ்" காட்டவும் மாட்டாது. அந்தப் பட்டியலில் பலர் மறப்பது ரியாக்டின் ஜேஎஸ்எக்ஸ் (நிரலுக்குள் எழுதும் எச்டிஎம்எல் போன்ற குறிமுறை) ரன்டைம் என்ற உட்பாதையை. 2020 ஒக்டோபரில் ரியாக்ட் 17 வந்ததிலிருந்து கம்பைலரே அந்த இறக்குமதியை நிரலில் சேர்த்துவிடுகிறது. நாம் கையால் எழுதாத வரி என்பதால் அது கண்ணில் படுவதில்லை.

பியர் டிபெண்டன்சியின் எல்லையைக் குறுகலாக எழுதிவிட்டால் வேறொரு பிழை வரும். என்பிஎம் 3 முதல் 6 வரையான பதிப்புகள் பொருந்தாத பியருக்கு எச்சரிக்கை மட்டுமே தந்தன. 7 முதல் அது பியர்களைத் தானே நிறுவ முயல்கிறது, முடியாதபோது "ஈரிசால்வ்" பிழையோடு நிறுத்திவிடுகிறது. அப்போது கைக்கு எட்டும் குறுக்குவழி "லெகசி பியர் டெப்ஸ்" என்ற தெரிவு. அதைச் செயலியின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பதற்கு நான் உடன்படமாட்டேன்; அன்றிலிருந்து எந்தப் பொருத்தமின்மையும் உங்கள் காதுக்கு வராது. ரியாக்ட் 18 இலும் 19 இலும் சோதித்திருந்தால் இரண்டையும் எல்லையில் எழுதுங்கள். சோதிக்காததை எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் உங்கள் கணினியில் மட்டும் இந்தப் பிழை வருகிறதென்றால், "என்பிஎம் லிங்க்" பயன்படுத்தியிருப்பீர்கள். அந்தக் கட்டளை கூறகத்தின் கோப்புறைக்கு ஒரு சுட்டியை மட்டுமே வைக்கிறது. பண்ட்லர் அந்தச் சுட்டியின் வழியே உண்மையான கோப்புறைக்குப் போய், அங்கே சோதனைக்காக நிறுவிய ரியாக்டைக் கண்டெடுத்துவிடுகிறது. வீட் என்ற பண்ட்லரைப் பயன்படுத்துவோர் டீடியூப் தெரிவில் ரியாக்டைக் குறிக்கலாம். வெப்பேக்கில் ஏலியாஸ் கொடுக்கலாம். நான் இரண்டையும் விட்டுவிட்டு "என்பிஎம் பேக்" செய்கிறேன். வெளியிடும்போது எந்தப் பொதி போகுமோ அதே பொதியை அது என் கணினியிலேயே கட்டித் தருகிறது. அதைச் செயலியில் நிறுவிப் பார்க்கும்போது, பட்டியலில் சேர்க்க மறந்த கோப்புகளும் அப்போதே பிடிபடுகின்றன. நிமிடம் ஒன்று கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

இதன் உடன்பிறப்பு இன்னும் தந்திரமானது, ஏனெனில் பிழைச் செய்தியே வராது. நிறம் போன்றவற்றைக் கூறுகளுக்குத் தரும் தீம் வழங்கி செயலியின் உச்சியில் இருந்தும் ஒரு கூறு மட்டும் இயல்பு நிறத்திலேயே நிற்கும். கூறகத்தின் இரண்டு பதிப்புகள் செயலிக்குள் வந்துவிட்டன என்பதே இதன் பொருள். மதிப்பைக் கீழுள்ள கூறுகளுக்குக் கடத்தும் கன்டெக்ஸ்ட் இருமுறை உருவாக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் வைத்த மதிப்பு மற்றதைக் கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. இம்முறை ரியாக்டுக்குப் பதிலாகக் கூறகத்தின் பெயரைக் கொடுத்து "என்பிஎம் எல்எஸ்" ஓட்டுங்கள்.

அறிகுறி: எங்கள் கணினியில் அழகாக இருந்தது, வெளியிட்ட பிறகு தோற்றமே இல்லை

பொத்தான் உலாவியின் பழைய சாம்பல் பொத்தானாக நிற்கிறது, ஆனால் அழுத்தினால் வேலை செய்கிறது. விருத்திச் சூழலில் சரியாக இருந்து, வெளியீட்டுக் கட்டுமானத்தில் மட்டும் இப்படி நேர்ந்தால், கூறகத்தின் பேக்கேஜ் ஜேசனில் "சைட் எஃபெக்ட்ஸ்" என்ற வரியைத் தேடுங்கள். அங்கே பொய் (ஃபால்ஸ்) என்று எழுதியிருந்தால், இந்தப் பொதியில் எந்தக் கோப்பையும் அதிலிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்தாதபோது விட்டுவிடலாம் என்று வெப்பேக்கிடம் நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். தோற்ற விதிகள் கொண்ட சிஎஸ்எஸ் கோப்பை இறக்குமதி செய்யும் வரி எந்தப் பெயரையும் எடுப்பதில்லை. ஆகவே அது பயனற்ற வரியாகக் கருதப்பட்டு வெட்டப்படுகிறது. அந்த வரியில் பொய் என்பதற்குப் பதிலாக, சிஎஸ்எஸ் கோப்புகளின் பாதைகளை ஒரு பட்டியலாக எழுதினால் அவை தப்பிவிடும்.

தோற்றம் வருகிறது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறுகிறது என்றால் அது வரிசைச் சிக்கல். இரண்டு விதிகளின் வலிமை சமமாக இருக்கும்போது பின்னால் வந்தது வெல்லும் என்பது சிஎஸ்எஸ்ஸின் அடிப்படை. செயலி பக்கங்களைத் துண்டு துண்டாக ஏற்றும்போது, எந்தத் துண்டு முதலில் வந்தது என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறுகிறார். இந்நிலையில் செயலிக்காரர் தன் விதியை வலுக்கட்டாயமாக வெல்லவைக்கும் "இம்பார்ட்டன்ட்" சேர்ப்பார், கூறகத்தார் அதற்கு மேல் ஒன்று சேர்ப்பார், இறுதியில் ஒருவரும் எதையும் மாற்ற முடியாத நிலை வரும். 2022 இன் தொடக்கத்தில் குரோம் 99, ஃபயர்பாக்ஸ் 97, சஃபாரி 15.4 ஆகிய பதிப்புகளோடு வந்த கேஸ்கேட் லேயர் இதற்கு ஒழுங்கான தீர்வு. கூறகத்தின் விதிகள் அனைத்தையும் பெயரிட்ட ஒரு லேயருக்குள் வைத்துவிடுங்கள். லேயருக்கு வெளியே எழுதப்பட்ட சாதாரண விதி, வரிசை எதுவானாலும் செலக்டரின் வலிமை எதுவானாலும், லேயருக்குள் இருப்பதை வெல்லும். செயலிக்கே இறுதிச் சொல் என்ற உடன்பாடு இப்படி நிரலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஒரு கவனம் தேவை: செயலியில் லேயருக்கு வெளியே, உலாவியின் இயல்புத் தோற்றத்தை அழிக்கும் பழைய ரீசெட் விதிகள் இருந்தால் அவையும் இனிக் கூறகத்தை வெல்லும். அவற்றையும் அதற்கு முந்தைய ஒரு லேயருக்குள் அனுப்புங்கள்.

அறிகுறி: "கோப்பாய்" என்று தேடினால் பட்டியலில் இல்லை

தமிழில் செயலி செய்வோருக்கே வாய்க்கும் பழுது என்பதால் இதில் சற்று அதிகம் தங்குகிறேன். மண்டப முன்பதிவுச் செயலியில் ஊரைத் தெரிவதற்குத் தேடல் வசதியுள்ள தெரிவுப் பட்டியல் ஒன்று இருந்தது. சாவகச்சேரி கிடைத்தது, மானிப்பாய் கிடைத்தது. கோப்பாய், கோண்டாவில், கொக்குவில், கொடிகாமம் நான்கும் கிடைக்கவில்லை. பட்டியலைக் கையால் உருட்டிப் பார்த்தால் நான்கும் கண் முன்னே இருந்தன.

நான்குக்கும் பொதுவானது கொம்பும் காலும் கொண்ட முதலெழுத்து. யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தின் பின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாக இடலாம்; அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடு இல்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஊர்ப் பட்டியல் ஏதோ ஒரு பழைய எழுத்துரு மாற்றியின் வழியாக வந்திருந்தது, பயனாளர் தட்டச்சு செய்தது கைத்தொலைபேசியில், இரண்டும் சந்திக்கவில்லை.

கூறின் உள்ளே, ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் நார்மலைஸ் செயற்கூறின் மூலம், குறியீடுகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். யூனிகோடின் கணக்கில் அந்த இரு எழுத்துமுறைகளும் நிகரானவை என்பதால் அவை ஒன்றாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகர எழுத்தும் தட்டச்சு செய்யும் பழக்கத்துக்கு மட்டும் இந்த மருந்து பலிக்காது. அந்த ளகரம் உண்மையான ளகரம், அதை எந்த நார்மலைஸும் குறியாக மாற்றாது. அதற்குத் தரவை உள்ளே எடுக்கும் இடத்தில்தான் திருத்தம் செய்ய வேண்டும். எங்கள் செயலியின் தேடலில் இதைச் சரிசெய்தால் போதாதா என்று அப்போது ஒருவர் கேட்டார். போதாது. நாளைக்குக் கல்வி நிலையச் செயலியும் அதே பட்டியலைப் பயன்படுத்தும், அங்கே "கௌரி" தேடப்படுவாள்.

இதற்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது வெட்டுப்பட்ட எழுத்துகளின் பிழை. அட்டைக் கூறு ஒன்று நீண்ட தலைப்பை ஐந்து எழுத்தோடு நிறுத்தி மூன்று புள்ளி இடுகிறது என்று வையுங்கள். "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் அதற்குத் தருவது 11. ஸ்லைஸ் மூலம் முதல் ஐந்தை எடுத்தால் "யாழ்ப" என்று புள்ளியிழந்த பகரத்தோடு நிற்கும். தோற்றத்துக்காக மட்டுமே சுருக்குகிறீர்கள் என்றால் சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட் ஓவர்ஃப்ளோ பண்பிடம் விட்டுவிடுங்கள். எழுத்துகளை எண்ணியே ஆக வேண்டிய இடத்தில் இன்ட்ல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள்; அது உயிர்மெய்யை ஒன்றாக எண்ணும். குரோமில் 2020 முதலே இருக்கும் இது, ஃபயர்பாக்ஸுக்கு 2024 ஏப்ரலில் 125 ஆம் பதிப்போடு வந்தது என்பதால் பழைய உலாவிகளுக்கு மாற்று வழியும் தேவைப்படலாம்.

பொத்தானில் "மூடு" என்ற சொல்லின் கீழ்ப்பகுதி அரிந்தாற்போல் தெரிந்தால், உயரத்தை நிலையான பிக்சலில் எழுதி, வரி உயரத்தை ஒன்றாக்கி, வழிவதை மறைக்கச் சொல்லியிருப்பீர்கள். லத்தீன் எழுத்துக்கு அளவெடுத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிய குற்றம் அது. உயரம் என்பதைக் குறைந்தபட்ச உயரமாக்கி, வரி உயரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். எங்கள் ஸ்டோரிபுக்கில் ஒவ்வொரு கூறும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் காட்டப்படுகிறது. "சமர்ப்பிக்கவும்" என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கும் பொத்தான் வேறெந்தச் சொல்லுக்கும் இடம் கொடுக்கும்.

அறிகுறி: ரத்துப் பொத்தானை அழுத்தினால் படிவம் போய்ச் சேர்ந்துவிடுகிறது

எச்டிஎம்எல்லில் படிவத்துக்குள் இருக்கும் பொத்தானுக்கு வகை குறிப்பிடாவிட்டால் அது சமர்ப்பிக்கும் பொத்தானாகவே கொள்ளப்படும். கூறகத்தின் பொத்தானில் இயல்பு வகையை "பட்டன்" என்று மாற்றி, சமர்ப்பிப்பதற்கு மட்டும் வெளிப்படையாகக் கேட்க வையுங்கள். இது ஒரு வரித் திருத்தம். ஆனால் இயல்பு வகையை நம்பிச் சமர்ப்பித்துக்கொண்டிருந்த படிவங்கள் அன்றே ஊமையாகிவிடும் என்பதால், கீழே பதிப்பு எண்ணைப் பற்றிச் சொல்வதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: பொங்கலுக்குப் பதிந்த மண்டபம் போகிக்குப் போய்விட்டது

நாள்காட்டியில் 2025 ஜனவரி 14 ஐத் தெரிந்தவருக்கு, தரவுத்தளத்தில் 13 ஆம் திகதி பதியப்பட்டிருந்தது. நாள்காட்டிக் கூறு, தெரிந்த நாளின் உள்ளூர் நள்ளிரவை ஒரு டேட் பொருளாகத் தந்தது. செயலி அதை "டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்" மூலம் எழுத்தாக்கி, முதல் பத்து எழுத்துகளை வெட்டி அனுப்பியது. இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே 14 ஆம் திகதி பிறக்கும் கணம் அங்கே 13 ஆம் திகதி மாலை 6:30. எழுத்தாக்கியது யூடிசியில், நாள் ஒன்று பின்னுக்குப் போனது.

கூறில் குற்றமா, செயலியில் குற்றமா என்று அரைநாள் வாதித்தோம். இரண்டும் தத்தம் அளவில் பிழையில்லாதவை. கொடுக்கல் வாங்கலில் டேட் பொருளைப் பயன்படுத்தியதே பிழை. திருமண நாள் என்பது நாட்காட்டியில் ஒரு கட்டம், காலத்தில் ஒரு புள்ளி அல்ல. இப்போது எங்கள் நாள்காட்டிக் கூறு ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் மதிப்புகளிலிருந்து எடுத்து, கோடிட்ட எழுத்துச் சரமாகவே வாங்குகிறது, சரமாகவே தருகிறது.

எதிர்த்திசையில் இதே பிழை எங்கள் மேசையில் ஒருபோதும் தெரியாது. நாள் மட்டும் உள்ள சரத்தை டேட் பொருளாக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவாகவே படிக்கும். அது யாழ்ப்பாணத்தில் அதே நாள் காலை 5:30, ரொறன்ரோவிலோ முந்தைய நாள் மாலை. மண்டபத்துக்குக் காசு கட்டும் சித்தப்பா பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார். அழைப்பு வரும்போதுதான் நமக்குத் தெரியவரும். ஆகவே நாள்காட்டியின் சோதனைகளை யூடிசிக்கு முன்னால் ஒரு நேர வலயத்திலும் பின்னால் ஒரு நேர வலயத்திலும் ஓட்டுங்கள்.

அறிகுறி: மேலெழும் பெட்டி தலைப்பட்டையின் பின்னால் ஒளிகிறது

எது முன்னால் நிற்பது என்று தீர்மானிக்கும் இசட் இண்டெக்ஸில் இன்னும் ஒரு ஒன்பதைச் சேர்ப்பதற்கு முன், பெட்டியின் மூதாதைக் கூறுகளை உலாவியின் ஆய்வுக் கருவியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், ஒன்றுக்குக் குறைந்த ஒபாசிட்டி இவற்றில் ஒன்று எங்காவது இருந்தால், அங்கே தனி அடுக்குச் சூழல் பிறந்துவிடுகிறது. உள்ளே எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் அது அந்தச் சூழலுக்கு வெளியே செல்லுபடியாகாது. டிரான்ஸ்ஃபார்ம் உள்ள மூதாதை இருந்தால் ஃபிக்ஸ்ட் நிலையும் திரையை விட்டு அதையே சார்ந்து நிற்கும், அதனால் பெட்டி நடுவில் இல்லாமல் ஓரத்தில் தோன்றும். ரியாக்ட் போர்ட்டல் மூலம் பெட்டியை ஆவணத்தின் அடியில் கொண்டுபோய் வைப்பது ஒரு வழி. எச்டிஎம்எல்லின் டயலாக் உறுப்பை "ஷோ மோடல்" மூலம் திறப்பது அதைவிட நல்ல வழி. உலாவியே அதை எல்லா அடுக்குகளுக்கும் மேலே வைக்கும், பின்புலத்தைச் செயலற்றதாக்கும், எஸ்கேப் விசைக்கு மூடும். 2022 மார்ச் முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது இருக்கிறது.

அறிகுறி: சிறு திருத்தம் என்றுதான் வெளியிட்டோம்; மூன்று செயலிகள் உடைந்தன

உள்ளீட்டுப் பெட்டியைச் சுற்றி ஒரு டிவ் உறுப்பைச் சேர்த்து, கடைசி எண்ணை மட்டும் கூட்டி, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளியிட்டவன் நானே. பண்பு ஒன்றும் மாறவில்லை, சோதனைகள் பச்சையாகவே இருந்தன. ஆனால் ஒரு செயலியின் சிஎஸ்எஸ், படிவத்தின் நேரடிப் பிள்ளையாக உள்ளீட்டுப் பெட்டி இருக்கும் என்று நம்பியிருந்தது; இன்னொன்றின் சோதனைகள் அதே அமைப்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

பதிப்பு எண்ணின் மூன்று இலக்கங்களும் பொருள் கொண்டவை: முதலாவது, பழையதை உடைக்கும் மாற்றம்; இரண்டாவது, உடைக்காத புது வசதி; மூன்றாவது, பிழைத் திருத்தம். 1.4.2 க்கு முன் கேரட் (^) குறி இட்ட செயலி 2.0.0 க்குக் கீழே வரும் எதையும் ஏற்கும், டில்டே (~) இட்டது 1.5.0 க்குக் கீழே நிற்கும். பூச்சியத்தில் தொடங்கும் பதிப்புகளில் மட்டும் கேரட் இறுகிவிடுகிறது: 0.4.2 க்கு அது 0.5.0 ஐ எட்டாது. "புதிய பதிப்பு வெளியிட்டும் செயலிக்கு வரவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பாதி வேளை இதுவே விடை; மீதி வேளை பூட்டுக் கோப்பு பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எது உடைக்கும் மாற்றம் என்பதில்தான் சண்டை. எங்கள் குழுவில் இப்போது எழுதி ஒட்டியிருக்கும் வரையறை விரிவானது: பண்புகளின் பெயரும் வகையும், இயல்பு மதிப்புகள், நிகழ்வுகள் எழும் வரிசை, பொதுவில் அறிவித்த சிஎஸ்எஸ் மாறிகள், திரைவாசிப்பான் கேட்கும் பெயர்கள், உறுப்பு அடுக்கின் வெளித் தோல். இவற்றில் எதைத் தொட்டாலும் முதல் எண் கூடும். பொத்தானின் இயல்பு வகையை மாற்றுவதும் அப்படியே. எண் வேகமாக ஏறுகிறதே என்று கூச்சப்படுவோர் உண்டு. எனக்கு அந்தக் கூச்சம் அந்த வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது. உடைந்த பதிப்பை நீக்க முயலாதீர்கள், அதைச் சார்ந்த கட்டுமானங்கள் நின்றுவிடும். "என்பிஎம் டெப்ரிகேட்" மூலம் எச்சரிக்கை ஒட்டிவிட்டு, பழைய நடத்தைக்குத் திரும்பிய அடுத்த பதிப்பை வெளியிடுங்கள்.

அறிகுறி: ஒரு பொத்தானுக்காகச் செயலி மலையளவு கனக்கிறது

நெடுந்தீவில் கைத்தொலைபேசியில் திறப்பவருக்கு இது முதலில் தெரியும், எங்களுக்குக் கடைசியில். கூறகம் பழைய மாட்யூல் முறையான காமன் ஜேஎஸ் வடிவில் மட்டும் வெளியானால் பண்ட்லரால் பயன்படாத பகுதியை நம்பிக்கையோடு வெட்ட முடியாது. ஈஎஸ் மாட்யூல் வடிவிலும் வெளியிடுங்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டாமல் கூறுக்கு ஒரு கோப்பாக விடுங்கள். நாள்காட்டிக்காகக் கொண்டுவந்த நாள் நூலகம் போன்ற கனமானவற்றைத் தனி உட்பாதையில் வையுங்கள்.

அறிகுறி: கூறகம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு செயலியிலும் தனிப் பொத்தான் இருக்கிறது

கன்சோலில் எந்தச் சிவப்பும் காட்டாத இந்தப் பழுதையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக எண்ணுகிறேன். செயலிகளின் நிரலில் "மைபட்டன்", "நியூபட்டன்", "பட்டன்2" என்று தேடிப் பாருங்கள். அகப்பட்ட ஒவ்வொன்றையும் எழுதியவரிடம் போய், கோபமில்லாமல், ஏன் என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த விடைகளில் சோம்பல் என்று ஒன்றுமில்லை. ஒருவருக்குப் பொத்தானுக்குள் சின்னம் வைக்க இடம் வேண்டியிருந்தது. கேட்டு வாரக்கணக்கில் பதில் வராததால் பிரதி எடுத்து மாற்றிக்கொண்டார். இன்னொருவருக்கு ஒரு பிழைக்குத் திருத்தம் அவசரமாகத் தேவைப்பட்டது.

கேட்டதற்கெல்லாம் ஒரு பண்பு சேர்ப்பது இதற்கு மருந்தாகாது. "சின்னம் இடதா", "சின்னம் வலதா", "சுழல்கிறதா" என்று ஆம் இல்லைப் பண்புகள் ஒரு டசினைத் தாண்டும்போது, அவற்றின் சேர்க்கைகளில் எவை செல்லும் என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். பொத்தானுக்குள் எதை வைப்பது என்பதைச் செயலியிடமே விடுங்கள். இடைவெளியையும் சீரமைப்பையும் மட்டும் கூறு பார்த்துக்கொள்ளட்டும். கோரிக்கைக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஆம், இல்லை, இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள் என்ற மூன்றில் ஒரு விடை போக வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். இல்லை என்ற விடைகூடப் பிரதிகளைக் குறைத்தது.

பழைய பிரதிகளைக் களைவதற்கு, அவற்றின் மேல் டெப்ரிகேட்டட் குறிப்பை எழுதுங்கள். விஎஸ் கோட் அந்தப் பெயரைக் குறுக்கே கோடிட்டுக் காட்டும், எழுதுபவரின் கை அங்கேயே தயங்கும். பெயரும் பண்பும் நேருக்கு நேர் மாறும் இடங்களுக்கு, நிரலைத் தானே திருத்தும் ஒரு கோட்மாட் எழுதினால் இயந்திரமே மாற்றிவிடும். மீதியைக் கையால் மாற்றி, அடுத்த முதல் எண் மாற்றத்தில் பழையதை அகற்றலாம். எங்கள் கோட்மாட் மாற்ற மறுத்து விட்டுவைத்த இடங்களின் பட்டியலைப் போன கிழமை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் கையெழுத்து.